உங்கட முதல் குசினிக்கு 'செட்' வாங்காதேங்கோ

செப்டம்பர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை டூட்டிங் பிரோட்வே ஸ்டேஷனுக்கு எதிரே அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். ஒரு அப்பா, ஒரு அம்மா, நடுவில் வெட்கத்தோடு ஒரு பிள்ளை. அப்பாவின் தோளில் புதுப் போர்வை. அம்மாவின் கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. பெட்டியின் மேல் பத்துப் பாத்திரங்கள் பளபளக்கும் படம். பிள்ளை யூனிக்குப் போகிறது. குசினிச் சாமான் வாங்கியாயிற்று, கடமை முடிந்தது.

அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ரசீது இருந்தால் இன்றைக்கே போங்கள்.

நானும் அப்படி ஒரு பெட்டியோடுதான் போனேன். வயது பதினெட்டு. பெட்டிக்குள் மூன்று சோஸ்பான், இரண்டு ஃப்ரைபான், ஒரு பால் காய்ச்சும் குட்டிச் சட்டி, ஒரு பிளாஸ்டிக் கரண்டி, மிச்சம் மூடிகள். மூடியையும் ஒரு உருப்படி என்று எண்ணினால்தான் பத்து வரும். எல்லாம் கறுப்பு நொன்ஸ்டிக். முதல் கிழமையே அம்மாவின் தூள் முடிந்துவிட்டது. சரி, நானே வறுப்போம் என்று செத்தல் மிளகாயையும் மல்லியையும் அந்தக் கறுப்பு ஃப்ரைபானில் போட்டு அடுப்பைக் கூட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் விடுதி முழுக்கச் சைரன். நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிஜாமாவோடு புல்லில் நின்று என்னைத் தேடினார்கள். அந்தத் தவணை முழுக்க நான் சாப்பிட்டது சிக்கன் அண்ட் சிப்ஸ். எனக்குச் சமைக்க வராது என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

இஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்த பிறகுதான் விளங்கியது, பிழை என்னில் மட்டும் இல்லை என்று. அந்தப் பெட்டி எங்கட சாப்பாட்டுக்குச் செய்யப்பட்டதே இல்லை. பாஸ்தா அவிக்க ஒரு சோஸ்பான், சோஸ் காய்ச்ச ஒரு சோஸ்பான், முட்டை பொரிக்க ஒரு ஃப்ரைபான். எங்கட ஆட்களுக்கு ஒரு நாளில் என்ன வேணும்? சோறு. பருப்பு. புளி விட்ட ஒரு குழம்பு. ஒரு வறுவல் அல்லது சுண்டல். இரவுக்குப் புட்டோ இடியப்பமோ தோசையோ. இதில் ஒன்றுக்காவது அந்தப் பெட்டியில் சரியான சட்டி இருந்ததா? பருப்பை மெல்லிய சோஸ்பானில் ஒரு மணித்தியாலம் அவிக்க வேணும். சொதி பொங்கி வழியும். புட்டு அவிக்க வழியே இல்லை. பிள்ளை இரண்டு தரம் முயற்சி செய்யும், மூன்றாம் தரம் டெலிவரி அப்பைத் திறக்கும். பிறகு வீட்டில் "இந்தத் தலைமுறைக்குச் சமையல் தெரியாது" என்று ஒரு பிரசங்கம் நடக்கும். தச்சனிடம் கத்திரிக்கோலைக் கொடுத்து மேசை செய்யச் சொன்னால் அவனுக்குத் தொழில் தெரியாது என்றா சொல்லுவீர்கள்?

நொன்ஸ்டிக் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1938இல் அமெரிக்காவில் ரோய் பிளங்கெட் என்ற இரசாயனவியலாளர் குளிர்சாதன வாயு ஒன்றைப் பற்றி ஆராய்ந்தபோது, சிலிண்டருக்குள் எதிர்பாராமல் ஒரு வெள்ளைத் தூள் திரண்டிருந்தது. அதுதான் பிரிஎஃப்இ, டெஃப்லோன் என்று நாங்கள் அறிந்த பொருள். 1950களில் பிரான்ஸில் மார்க் கிரெகுவார் என்ற பொறியியலாளர் அதை அலுமினியத்தில் ஒட்டவைக்கும் வழியைக் கண்டார், டெஃபால் பிறந்தது. நல்ல கண்டுபிடிப்புத்தான். முட்டைக்கும் பான்கேக்குக்கும் இதைவிட வசதியான சட்டி இல்லை. ஆனால் அந்தப் பூச்சுக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஏறக்குறைய 260 பாகை செல்சியஸ் வரை அது தாங்கும். அதற்கு மேலே மெல்லச் சிதையத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் வேகமாகப் புகைவிடும், அந்தப் புகை கூட்டுக்குள் இருக்கும் கிளியைக் கொல்லப் போதும், மனிதருக்குக் காய்ச்சல் போல வரும். சட்டிக்குள் தண்ணீரோ கறியோ இருக்கும்வரை வெப்பநிலை அந்த எல்லைக்குப் பக்கத்திலும் போகாது. வெறும் சட்டியைப் பெரிய நெருப்பில் வைத்தால் சில நிமிடம் போதும்.

இப்போது சொல்லுங்கள், தண்ணீரும் எண்ணெயும் இல்லாமல் வெறும் சட்டியைச் சூடாக்குகிற ஆட்கள் யார்? நாங்கள்தான். தூளுக்கு மிளகாய் வறுப்போம், புட்டுக்கு மா வறுப்போம், உழுந்து வறுப்போம், ரவை வறுப்போம். யாழ்ப்பாணச் சமையலின் பாதி வறுப்பதில் தொடங்குகிறது. அதற்குத்தான் அந்தப் பெட்டி கொஞ்சமும் பொருந்தாது.

'பிஎஃப்ஓஏ இல்லை' என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து அம்மா நிம்மதி அடைவா. அது பூச்சைச் செய்யும்போது பயன்பட்ட ஒரு வேதிப்பொருள். பெரிய உற்பத்தியாளர்கள் 2015அளவில் அதைக் கைவிட்டுவிட்டார்கள், 2019இல் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையிலும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. ஆகவே அந்த வாசகம் 'இந்தத் தண்ணீரில் கொழுப்பு இல்லை' என்பதைப் போல ஒன்று. அதே குடும்பத்து வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்த 2024இல் பிரான்ஸ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, சட்டி செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் பாரிஸுக்கு வந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். உடுப்பும் அழகுசாதனமும் சட்டத்துக்குள் நின்றன, சமையல் பாத்திரம் வெளியே எடுக்கப்பட்டது. வேலை போகும் என்று பயந்த தொழிலாளரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் விற்கிறது என்பதாலேயே ஒரு பொருள் எல்லாச் சோதனையும் தாண்டி வந்தது என்று நம்பாதீர்கள்.

இவ்வளவு சொன்னதும் ஒரு கூட்டம் கைதட்டும் என்று எனக்குத் தெரியும். "அதுதான் நாங்கள் சொல்லுறம், திரும்ப மண்சட்டிக்குப் போகவேணும், செம்புக்குப் போகவேணும், பாட்டி காலத்துக்குப் போகவேணும்." அவர்களுக்கும் என்னிடம் ஒரு சண்டை இருக்கிறது.

மண்சட்டியில் வைத்த மீன்குழம்பின் ருசியை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கட அடுப்பு என்ன? லண்டனில் புதிதாகக் கட்டும் பெரும்பாலான அடுக்குமாடிகளில் காஸ் இல்லை. இண்டக்ஷன் அடுப்புக்கு மண்சட்டி ஒரு பூச்சாடி, அவ்வளவுதான். காந்தப்புலம் மண்ணில் வெப்பத்தை உண்டாக்காது. செரமிக் அடுப்பில் வைத்தால் சூடாகும், அடி சமனில்லாவிட்டால் ஒரு நாள் வெடிக்கும். செம்பு? வெறும் செம்பில் புளியை ஊற்றக்கூடாது என்று எங்கட பாட்டிமாருக்கே தெரியும். அதனால்தான் செம்புக்கும் பித்தளைக்கும் உள்ளே ஈயம் பூசினார்கள்.

ஈயம். இந்த ஒரு சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். தமிழில் வெள்ளீயம் ஒன்று, காரீயம் ஒன்று. வெள்ளீயம் ஆபத்தில்லாத உலோகம், தகரப்பேணிக்கு உள்ளே பூசுவது, பித்தளைக்குப் பூசுவதும் அதுதான். காரீயம் நஞ்சு, பழைய பெயின்ரிலும் பெற்றோலிலும் இருந்து உலகம் ஒவ்வொன்றாக அகற்றிய அதே உலோகம். பேச்சில் இரண்டுக்கும் ஒரே பேர்: ஈயம். அது போதாதென்று சில வீடுகளில் அலுமினியச் சட்டிக்கும் 'ஈயச் சட்டி' என்றே பேர். மூன்று உலோகம், ஒரு சொல். அதில் ஒன்று பிள்ளையின் மூளையைப் பாதிக்கும்.

இந்தக் குழப்பத்தின் மேல்தான் இப்போது வியாபாரம் நடக்கிறது. தமிழ்நாட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தூய வெள்ளீயத்தில் செய்வது. அது 232 பாகையிலேயே உருகிவிடும், ஆகையால் ரசம் உள்ளே இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு குழம்பாகிவிடும். நல்ல கைவினைஞரிடம் வாங்கிய சொம்பு நல்ல பொருள்தான். ஆனால் 'பாரம்பரியம்' என்று ஒன்லைனில் போட்டு லண்டனுக்கு அனுப்பும் சொம்பில் வெள்ளீயம் எவ்வளவு, மலிவுக்குச் சேர்த்த காரீயம் எவ்வளவு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பார்த்தால் தெரியாது. தட்டினால் தெரியாது. ரசமோ புளி. உலோகத்தைக் கரைப்பதற்கு அதைவிட நல்ல திரவத்தைக் கேட்டாலும் கிடைக்காது. விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: இது என்ன உலோகம், எங்கே சோதித்தீர்கள்? "பாட்டி காலத்துச் சாமான்" என்பது விடை இல்லை. என்ர பாட்டி காலத்தில் காரீயம் கலந்த பெற்றோலும் இருந்தது.

சரி, பெட்டிக்காரரோடும் பாரம்பரியக்காரரோடும் சண்டை பிடிப்பது லேசு. மூன்றாவது சண்டை அம்மாவோடு.

எங்கட வீட்டில் ஒரு அலுமினியச் சட்டி இருக்கிறது. 1980களில் அம்மா லண்டனுக்கு வந்தபோது சூட்கேசுக்குள் சேலைகளுக்கு நடுவில் வந்தது. அடியில் பேர் இல்லை, முத்திரை இல்லை, எந்த ஊரில் யார் வார்த்தது என்று தெரியாது. பக்கம் தடிப்பு, உட்புறம் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் குழிகள். முப்பது வருடத்துக்கு மேலாக வெள்ளிக்கிழமைப் புளிக்குழம்பு அதில்தான். அதில் வைத்தால்தான் குழம்புக்கு ருசி என்று அம்மா சத்தியம் செய்வா. நான் யூனி முடித்துத் தனியாகக் குடிபோனபோது அதைத்தான் எனக்குத் தரப்பார்த்தா. அது பாத்திரம் இல்லை, ஆசீர்வாதம். அதை எப்படி வேண்டாம் என்பது?

அப்போது சொல்ல என்னிடம் காரணம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. அமெரிக்காவில் சியாற்றில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறைக்கு ஒரு புதிர் வந்தது. ஆப்கானிஸ்தானில் இருந்து அகதிகளாக வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் காரீயம் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக இருந்தது. வழக்கமாகச் சந்தேகிக்கும் பழைய பெயின்ரால் மட்டும் அதை விளக்க முடியவில்லை. வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். குசினியில் ஊரில் இருந்து கொண்டுவந்த அலுமினியப் பிரஷர் குக்கரும் சட்டிகளும். அவற்றில் வினாகிரியில் இருக்கும் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை அளந்து பார்த்தார்கள். பலவற்றில் இருந்து காரீயம் இறங்கியிருந்தது. எவர்சில்வர் பாத்திரங்களில் இருந்து இறங்கியது மிகக் குறைவு. இந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. 2024இல் வாஷிங்டன் மாநிலம் பாத்திரங்களில் காரீயத்துக்கு எல்லை வைத்துச் சட்டம் போட்டது. 2025 ஓகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விட்டது: இறக்குமதியான சில அலுமினிய, பித்தளைப் பாத்திரங்களில் இருந்தும், இண்டாலியம், ஹிண்டாலியம் என்ற பேர்களில் விற்கும் கலப்புலோகப் பாத்திரங்களில் இருந்தும் காரீயம் சாப்பாட்டில் இறங்கலாம், அப்படிப்பட்டதை எறியுங்கள், இன்னொருவருக்குத் தானம் கொடுக்கவும் வேண்டாம்.

இண்டாலியம் தாச்சி. எங்கட எத்தனை வீட்டில் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணுங்கள்.

அந்த ஆப்கான் தாயும் என்ர அம்மாவும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கினம். போரில் இருந்து வெளியே வரும்போது கையில் எடுக்கக்கூடியதை எடுத்து, போன இடத்தில் பிள்ளைக்கு ஊர்ச் சாப்பாடு கொடுத்திருக்கினம். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. குற்றம் பழைய இரும்புக்கடைச் சாமானை உருக்கி வார்த்துவிட்டு உலோகத்தின் பேரை அடியில் பொறிக்காமல் விற்பவனுடையது. காரின் ரேடியேற்றர், பழைய இஞ்சின் பாகம், என்னவெல்லாம் உலைக்குள் போனதோ அவ்வளவும் சட்டிக்குள் இருக்கும். ஆபிரிக்காவில் கமரூனிலும் இப்படி வார்த்த சட்டிகளைச் சோதித்து 2014இல் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஒன்றைக் குழப்பாமல் சொல்லிவிடுகிறேன். எல்லா அலுமினியமும் நஞ்சு இல்லை. தூய அலுமினியத் தகட்டில் முறையாகச் செய்த பாத்திரத்தில் காரீயத்துக்கு வேலை இல்லை. அலுமினியம் மறதி நோய் தரும் என்று குடும்ப வட்ஸ்அப்பில் வருடம் இருமுறை சுற்றிவரும் செய்தியும் நிரூபிக்கப்பட்ட ஒன்றல்ல, அதை அனுப்பும் மாமாவுக்குச் சொல்லுங்கள். என் கேள்வி ஒன்றுதான்: உங்கட கையில் இருக்கும் சட்டி எந்த அலுமினியம்? அம்மாவின் சட்டியில் காரீயம் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது, அதுதான் பிரச்சினை. பிள்ளைகளின் இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவை உலக சுகாதார நிறுவனம்கூடச் சொல்லவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டுபிடிக்கப்படவில்லை.

இங்கே பிரித்தானியாவில் சட்டம் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து எடுத்துக்கொண்ட ஒழுங்குவிதிதான் இன்னும் அடிப்படை. உணவோடு தொடும் பொருள் உணவுக்குள் ஆபத்தான அளவு எதையும் விடக்கூடாது. ஒரு கிண்ணமும் முள்ளுக்கரண்டியும் சேர்ந்த சின்ன அடையாளம் பார்த்திருப்பீர்கள், அதன் பொருள் அதுதான். ஆனால் பார்த்ததும் சமையலுக்குத்தான் என்று தெரிகிற சாமானுக்கு அந்த அடையாளம் கட்டாயம் இல்லை. ஆகவே அடையாளம் இல்லாதது எல்லாம் கள்ளச் சாமான் இல்லை. செய்தவர் பேரும் உலோகத்தின் பேரும் எங்கேயாவது எழுதியிருக்க வேணும் என்பதுதான் என்ர அளவுகோல். இரண்டும் இல்லாவிட்டால் அப்பர் டூட்டிங் ரோட்டில் எவ்வளவு மலிவாக அடுக்கி வைத்திருந்தாலும் கையை எடுங்கள்.

அப்ப என்னதான் வாங்குவது என்று கேட்பீர்கள். குறைவாக வாங்குங்கள். நான் இப்போது புதுக் குசினி ஒன்றைத் தொடங்கினால் முதலில் வாங்குவது ஒரு எவர்சில்வர் பிரஷர் குக்கர், மூன்று அல்லது ஐந்து லீற்றர். செட்டின் விலையில் பாதிக்குமேல் இதற்கே போகட்டும். பிரஷர் குக்கர் இந்தியச் சாமான் என்று நினைத்து வெட்கப்படும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: இதன் கொள்ளுத்தாத்தா லண்டனில்தான் அரங்கேறியது. டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் ரோயல் சொசைட்டிக்குத் தன் நீராவிப் பாத்திரத்தைக் காட்டினார், 1682இல் அதில் எலும்பையும் மெதுவாக அவித்து உறுப்பினர்களுக்கு விருந்து வைத்தார். கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் நூறு பாகையில் கொதிப்பதில்லை, 120 பாகைக்குக் கிட்டப் போகும். அந்த இருபது பாகைதான் பருப்பை ஒரு மணித்தியாலத்தில் இருந்து பத்துப் பதினைந்து நிமிடத்துக்குக் கொண்டுவருகிறது. கேஸ்கட் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள், பாதுகாப்பு வால்வை அந்தக் கம்பனியுடையதாகவே வாங்குங்கள். போலி வால்வு அழுத்தத்தைத் திறந்துவிடாது. விசில் சத்தத்துக்கு விடுதிப் பிள்ளைகள் முதல் நாள் ஓடுவார்கள், பிறகு தட்டோடு வருவார்கள்.

அடுத்தது அடி தடித்த ஒரு எவர்சில்வர் சட்டி, மூடியோடு. இதில் எல்லோரும் விடும் பிழை ஒன்று இருக்கிறது. எவர்சில்வர் வெப்பத்தை மோசமாகக் கடத்தும், அலுமினியம் அதைப்போலப் பதினைந்து மடங்கு நன்றாகக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் சட்டியில் நெருப்பு படும் இடம் மட்டும் எரியும், மற்ற இடம் சும்மா இருக்கும். வெங்காயம் வளையமாகக் கருகுவது அதனால்தான். ஆகவே அடியில் இரண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவே அலுமினியம் வைத்து ஒட்டிய சட்டியைப் பாருங்கள். அலுமினியம் நடுவில் அடைபட்டிருப்பதால் புளி அதைத் தொடாது. கையில் தூக்கினால் அடி கனமாக இருக்கும், அதுவே முதல் சோதனை.

இரண்டாவது சோதனைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டினால் அது அசல் எவர்சில்வர் இல்லை என்று எங்கட ஆட்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பாதி உண்மை. நிக்கல் கூடிய எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, நிக்கல் இல்லாத எவர்சில்வரில் ஒட்டும், அதுவும் அசல் எவர்சில்வர்தான். இண்டக்ஷன் அடுப்புக்கு அடியில் காந்தம் ஒட்டியே ஆகவேண்டும். அதனால் நல்ல சட்டியில் பக்கத்தில் ஒட்டாது, அடியில் 'டக்' என்று ஒட்டும். சந்தைக் கடையில் நான் காந்தத்தோடு சட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்கார ஐயா "தம்பி, சட்டி வாங்க வந்தனீரோ, மைன்ஸ் தேட வந்தனீரோ?" என்று கேட்டார். பிறகு அவரே காந்தத்தை வாங்கி மற்றச் சட்டிகளிலும் வைத்துப் பார்த்தார்.

தோசைக்கும் வறுப்பதற்கும் ஒரு வார்ப்பிரும்புக் கல். பூச்சு இல்லை, சிதைய ஒன்றும் இல்லை, வெறுமனே சூடாக்கலாம், இண்டக்ஷனிலும் நிற்கும். முதல் மாதம் ஒட்டும், எண்ணெய் பூசிப் பூசிப் பழக்கவேணும், அதில் புளிக்குழம்பு வைக்காதீர்கள். அவ்வளவுதான் அதன் சட்டம். அடுப்பின் வட்டத்தைவிடக் கல் மிகப் பெரிதாக இருந்தால் நடுவில் மட்டும் வேகும், அளந்து வாங்குங்கள். கத்தி ஒன்று போதும், ஆனால் நல்லது ஒன்று. மொட்டைக் கத்திகள் ஆறு நிற்கும் மரக்கட்டை குசினி அலங்காரம். மர அகப்பை இரண்டு. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் உங்கட சட்டியின் வாயில் இருக்கக்கூடிய எவர்சில்வர் அவிக்கும் தட்டு ஒன்று. நீத்துப்பெட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். சோற்றுக்கு ரைஸ் குக்கர் வேணும் என்றால் முதலில் விடுதி விதியைப் பாருங்கள், சில இடங்களில் விட மாட்டார்கள். சோறு சட்டியிலும் வேகும், எங்கட ஆச்சிமாரைக் கேளுங்கள். மிக்சி முதல் சம்பளத்தில்.

முட்டைக்கு ஒரு சின்ன நொன்ஸ்டிக் வேணும் என்றால் வாங்குங்கள், நான் பொலிஸ்காரன் இல்லை. கீறினால் எறியுங்கள், வெறுமனே சூடாக்காதீர்கள்.

இதில் இன்னொன்றும் சொல்லவேணும், சொல்லாவிட்டால் என்ர தங்கச்சி விடமாட்டாள். எங்கட வீட்டில் நான் யூனிக்குப் போனபோது ஒரு பெட்டி வாங்கித் தந்தார்கள். அவள் போனபோது பெட்டியோடு அம்மாவின் ஒரு மாதச் சமையல் பாடமும் நடந்தது. எனக்கு அந்தப் பாடம் நடக்கவில்லை. "பெடியன் தானே, கடையில் சாப்பிடுவான்." கடையில் சாப்பிட்ட பெடியன் இருபத்தைந்து வயதில் டொக்டரிடம் கொலஸ்ட்ரோல் பேப்பரோடு இருந்தான். பெடியளை யூனிக்கு அனுப்பும் அம்மாமார் இதை வாசித்தால், சட்டியோடு சேர்த்துக் குழம்பையும் சொல்லிக்கொடுங்கள்.

இனி அம்மாவின் சட்டி. இந்த வருடம்தான் கதைத்தேன். முத்துமாரி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், நல்ல மனநிலையில் இருக்கும்போது. கிங் கவுண்டி கதையைச் சொன்னேன். அம்மா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டா: "அப்ப நான் உங்களுக்கு இத்தனை வருசம் நஞ்சோ குடுத்தனான்?" அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. "இல்லையம்மா, பேர் எழுதாமல் வித்தவன்தான் பிழை" என்றேன். "அண்டைக்கு எங்களுக்கு என்ன இருந்தது தம்பி, பேர் பார்த்து வாங்க?" என்றா. அதுவும் உண்மை. எங்களுக்கு இன்றைக்கு இருக்கிறது, நாங்கள்தான் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்து புதுச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தோம். அம்மா ருசி பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றா. அம்மாவின் அகராதியில் அது பெரிய சொல். பழைய சட்டியை எறிய விடவில்லை. அடுத்த கிழமை போனபோது அது பல்கனியில் மண்ணோடு இருந்தது, உள்ளே கறிவேப்பிலைக் கன்று. "அம்மா, அதில் சாப்பிடுற மரம் வைக்கக்கூடாது, மண்ணுக்குள்ளும் இறங்கும்" என்று திரும்பவும் தொடங்கினேன். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கன்றைப் பிடுங்கினா. இப்போது அதில் செவ்வந்தி பூத்திருக்கிறது.